பூட்டிய வீடுகளின் விளக்குகள்

கப்பல் தீவின் முனையைத் திரும்புவதற்குள் மரிகோ எல்லா விளக்குகளையும் போட்டு முடித்திருந்தாள்.

ஜனவரி மாதம். தீவின் மேட்டு ஊரில் அந்தப் பருவத்தில் வெளிச்சம் தெரியும் வீடு அவளுடையது ஒன்றுதான். மனிதர்கள் கீழே துறைமுகத்தில் இருந்தார்கள், அதுவும் சில குடும்பங்கள். மேட்டில் இருந்த மற்ற வீடுகளெல்லாம் கோடைக்காரர்களுடையவை. ஏதென்ஸ்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள், பெயர் வாயில் நுழையாத ஒரு டென்மார்க் குடும்பம். செப்டம்பர் முடிவில் சாவியை மரிகோவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணிகளில் அவை தொங்கின. ஒவ்வொரு சாவியிலும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருந்தாள். சட்டைத் தொழிற்சாலையில் வேலை செய்த கை அது. பெயர் எழுதி ஒட்டினால் எந்தப் பெயர் எந்த வீடு என்று அவளுக்கு மறந்துபோகும், நூலின் நிறம் மறக்காது.

வாடைக்காற்று அடிக்கும் நாளில் போய் ஜன்னல்களைத் திறந்து வைப்பாள். தெற்குக் காற்று வந்தால் ஓடிப்போய்ச் சாத்துவாள். தெற்குக் காற்று சுவரை நனைத்துவிடும். கணவன் யாகுமிஸ் துறைமுகத்தில் கப்பலின் கயிறு பிடிக்கிறவனாக இருந்தான். அவன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் குளிர்காலம் முழுவதும் செய்ததெல்லாம் இதுதான். பிறருடைய வீட்டுக்குக் காற்றுக் காட்டுவது.

விளக்குப் போடும் யோசனை அசிமினாவின் ஒரு வார்த்தையிலிருந்து வந்தது.

மரிகோ, அசிமினா, வாசோ மூவரும் ஏதென்ஸில் ஒரே மேசையில் சட்டை தைத்தவர்கள். மரிகோ தீவுக்காரனைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மற்ற இருவரும் தொழிற்சாலை மூடும் வரை அங்கேயே இருந்தார்கள். இப்போது அசிமினாவின் கணவனும் இல்லை. மகன் ஜெர்மனியில். குடியிருந்த வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போகிறேன் என்று வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்லிவிட்டான். நவம்பரில் தொலைபேசியில் கேட்டாள்.

"உன் மாமியார் வீடு சும்மாதானடி கிடக்கு? அங்க வந்துரட்டுமா?"

மரிகோ தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்னடி, இருக்கியா?"

"இருக்கேன். வா. நாளைக்கே வா."

"அவசரப்படாத. கோடையில எவளும் இருப்பா. நான் குளிர்ல வந்து பாத்துட்டுச் சொல்றேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். சாயங்காலம் ஜன்னலைத் திறந்தா நாலு வீட்ல விளக்கு எரியணும். அது போதும். இருக்குமா?"

"எரியும், எரியும்," என்றாள் மரிகோ.

அதன் பிறகு மாமியார் வீட்டுக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தாள். அடுப்புக் குழாயைக் கழற்றித் துடைத்தாள். விறகு அடுக்கினாள். கப்பல் வரும் நாளன்று மத்தியானமே சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மின்சாரத்தை இணைத்தாள். தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மேசைவிளக்கை இழுத்து வைத்தாள்.

துறைமுகத்தில் காப்பிக்கடை நிக்கீத்தாஸ் தன் சரக்கு வண்டியோடு நின்றிருந்தான். மேட்டை அண்ணாந்து பார்த்தான்.

"என்னக்கா, மேல கல்யாணமா?"

"வாயை மூடிட்டு வண்டியை ஓட்டு."

"சரிக்கா. மாப்பிள்ளை யாருன்னு மட்டும் சொல்லு."

கப்பலின் வாய் திறந்தது. இறங்கியவர்கள் மூன்று பேர்தான். ஒருவன் போலீஸ்காரன். அசிமினாவுக்குத் துணையாக வாசோவும் தோளில் ஒரு பையோடு வந்தாள். அசிமினா பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். மரிகோ முதலில் பார்த்தது அந்தப் பெட்டியைத்தான். மூன்று நாளைக்கு இவ்வளவு பெரிய பெட்டியை யாரும் தூக்கி வரமாட்டார்கள்.

"கிழவியாயிட்டியேடி," என்றாள் வாசோ, கட்டிக்கொண்டு.

"நீ மட்டும்? பல்லைக் காட்டு பாப்போம்."

"பல்லு புதுசு. காட்டினா கண்ணு கூசும்."

அசிமினா மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்டில் வெளிச்சங்கள் வரிசையாக இருந்தன.

"எவ்வளவு வீடுடி," என்றாள்.

நிக்கீத்தாஸ் இருமினான்.

மறுநாள் காலையில் அசிமினா பெட்டியைத் திறந்து காப்பி கொதிக்கவைக்கும் தன் செம்புப் பாத்திரத்தை எடுத்தாள். மரிகோவின் அலமாரியில், மரிகோவின் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மரிகோ அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

தீவைச் சுற்றப் புறப்பட்டார்கள். சுற்ற அதிகமில்லை. உணவுக்கடைகளின் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டுக் கிடந்தன. ஒரு கடை வாசலில் கோடைக்கால விலைப்பலகை, வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, நண்டின் படம் மட்டும் மிச்சமாக. கடற்கரையில் யாருமில்லை. வாசோ செருப்பைக் கழற்றித் தண்ணீரில் கால் வைத்து, கெட்ட வார்த்தை ஒன்றைக் கத்திவிட்டு ஓடி வந்தாள். சரிவில் காட்டுக்கீரை பறித்தார்கள். முனையிலிருந்த சின்னத் தேவாலயத்தைத் திறந்து மரிகோ எண்ணெய் விளக்கை ஏற்றினாள். அதன் சாவிக்கு வெள்ளை நூல்.

"மனுஷங்க எங்கடி?" என்றாள் வாசோ. "ஆட்டைத் தவிர ஒருத்தரையும் காணோம்."

"காத்துக்கு யாரு வெளிய வருவா?"

"அந்தப் பச்சை ஜன்னல் வீட்ல யாரு?" என்று கேட்டாள் அசிமினா. "ராத்திரி பாத்தேன். பின்னிய உறை போட்ட விளக்கு."

"ஒரு வாத்தியார். ரிட்டயர் ஆயிட்டாரு. காது கேக்காது."

"மூலை வீடு?"

"புருஷன் பெண்டாட்டி. பேசிக்க மாட்டாங்க. அவரு ஒரு வேளை சமைப்பாரு, அந்தம்மா ஒரு வேளை சமைக்கும்."

"எதுக்குப் பேசிக்கிறதில்ல?"

"ஒரு கழுதையை வித்ததுல சண்டை."

வாசோ விழுந்து விழுந்து சிரித்தாள். மரிகோவுக்கும் சொல்லச் சொல்ல வந்தது. வாத்தியாருக்கு ஒரு தங்கையைக் கொடுத்தாள். அவளைத் துருக்கிப் பக்கத்தில் கட்டிக்கொடுத்து, அங்கிருந்து திரும்பவும் வரவழைத்தாள். இத்தனை பேரோடு இத்தனை குளிர்காலம் இருந்ததாக அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. அன்றிரவு படுத்தபின், வாத்தியார் வீட்டு அடுப்புக்கு விறகு இருக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

விடிவதற்கு முன் போய் விளக்குகளை அணைப்பாள். பொழுது சாயும்போது பூனைக்குச் சோறு வைத்துவிட்டு வருகிறேன் என்று போய்த் திரும்பப் போடுவாள். "இந்த ஊர்ப் பூனைங்களுக்கு நல்ல ராஜபோகம்," என்றாள் வாசோ.

வாசோ வெள்ளிக்கிழமைக் கப்பலில் போவதாக முதலிலேயே முடிவு. அசிமினா எப்போது என்று யாரும் பேசவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அசிமினா மாவு பிசைந்தாள்.

"புது வருஷ ரொட்டி வெட்டினியா?"

"தனியா உக்காந்து என்னத்தை வெட்டறது?"

"மாசம் முடியலையே. இப்ப வெட்டலாம்."

உள்ளே காசு வைத்து வேகவிட்டாள். யார் துண்டில் காசு வருகிறதோ அவருக்கு அந்த வருஷத்து அதிர்ஷ்டம். ஆரஞ்சுத் தோலின் வாசனை வீட்டை நிறைத்தது. இருட்ட ஆரம்பித்ததும் மரிகோ பூனைச் சோற்றோடு கிளம்பினாள். அன்று காற்று கொஞ்சம் கூட. டென்மார்க்காரர் வீட்டில் ஒரு ஜன்னல் கதவு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கட்டிவிட்டு வர நேரமாகிவிட்டது.

வந்தபோது வீட்டில் யாருமில்லை. மேசைமேல் ரொட்டி வெட்டப்பட்டிருந்தது. ஏசுவுக்கு ஒரு துண்டு, வீட்டுக்கு ஒரு துண்டு, மூன்று பேருக்கும் மூன்று. மிச்ச ரொட்டியைக் காணவில்லை. பெரிய தட்டையும் காணவில்லை.

மரிகோவுக்குப் புரிந்தது. தெருவுக்குப் புதிதாகக் குடிவர நினைக்கிறவள் வேறு என்ன செய்வாள்? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

மேலே கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஓடினாள்.

பச்சை ஜன்னல் வீட்டு வாசலில் வாசோ தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அசிமினா ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து, கையால் இருபுறமும் மறைத்து, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே நாற்காலிகள்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. கட்டிலில் மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. தரையில் செத்த குளவிகள். பின்னிய உறை போட்ட விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது.

"காது கேக்காதுன்னுதான் பலமா தட்டினோம்," என்றாள் வாசோ. அவள் சிரிக்கவில்லை.

அசிமினா திரும்பினாள். "மூலை வீடும் இப்படித்தானா?"

"ஆமா."

"அந்தக் கழுதை?"

"இல்ல."

"இந்த மேட்டுல யாருடி இருக்கா? உண்மையைச் சொல்லு."

"நான்."

"வேற?"

கட்டிவிட்டு வந்த ஜன்னல் கதவு மறுபடியும் கழன்று அடித்துக்கொண்டது.

"விளக்கு எரியணும்னு கேட்டே," என்றாள் மரிகோ. "எரிய வச்சேன்."

அசிமினா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கோபம் இருந்தால் பரவாயில்லை என்று மரிகோவுக்கு இருந்தது. அந்தக் கையில் கோபம் இல்லை.

யாருக்கோ வெட்டிய துண்டுகளை மூவரும் தின்றார்கள். காசு வாத்தியாரின் துண்டிலிருந்து வந்தது.

"பாரு, இந்த வருஷ அதிர்ஷ்டம் கெழவனுக்கு," என்றாள் வாசோ. "அவனுக்கு வேற கல்யாணம் ஆகலை. யோசிங்கடி."

மூவரும் சிரித்தார்கள். மரிகோ நிறுத்த முடியாமல் சிரித்தாள். அசிமினா எழுந்து அடுப்பில் ஒரு விறகைச் செருகினாள். அன்று விளக்குகளை அணைக்க யாரும் போகவில்லை.

காலையில் அலமாரியில் ஒரு செம்புப் பாத்திரம்தான் இருந்தது.

சாயங்காலம் துறைமுகத்தில் அசிமினா அவளைக் கட்டிக்கொண்டாள். "ஈஸ்டருக்கு வரேன்டி. நெசமா."

"வா," என்றாள் மரிகோ. ஈஸ்டருக்கு எல்லோரும் வருவார்கள்.

"நீ வந்துரேன் ஏதென்ஸுக்கு," என்றாள் வாசோ.

"வீடுங்களை யாரு பாக்கறது?"

நிக்கீத்தாஸ் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். திரும்பும்போது மேட்டு ஊர் வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டான். "கடையில அடுப்பு எரியுது, வந்து உக்காருக்கா," என்றான். அவள் தலையாட்டிவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்குள் போய்க் கோட்டைக் கழற்றவில்லை. தன் விளக்கைப் போட்டாள். கைபேசி அடித்தது.

"மேல்தளத்துல நிக்கறேன்," என்றாள் அசிமினா. இயந்திர இரைச்சலில் குரல் அறுந்து அறுந்து வந்தது. "ஊர் முழுக்க வெளிச்சம். இதுல உன் வீடு எதுடி?"

மரிகோ ஜன்னலுக்கு வந்தாள். கப்பல் துறைமுகத்தை விட்டு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நேற்றுப் போட்ட விளக்குகள் பகலெல்லாம் எரிந்து, இப்போது இருட்டினதும் வரிசையாகத் தெரிந்தன.

"நடுவுல இருக்கு."

"நடுவுல நாலஞ்சு இருக்கே."

"இரு. வச்சுராத."

சாவிகளை ஆணிகளிலிருந்து அள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். மூலை வீடு, மஞ்சள் நூல். அணைத்தாள். அடுத்தது சிவப்பு. படிகள் ஈரமாக இருந்தன. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு போச்சு," என்றது அசிமினாவின் குரல். "இன்னொண்ணும் போச்சு. என்னடி பண்றே?"

"பாத்துட்டே இரு."

"வலது பக்கம் மேல ரெண்டு இருக்கு. ஏய் வாசோ, இங்க வா, பாரு."

பின்னால் வாசோவின் குரல் கேட்டது. "விழுந்து தொலையப் போறா, மெதுவாப் போகச் சொல்லு."

டென்மார்க்காரர் வீடு. நீல நூல். பிரெஞ்சுக்காரர்கள். மூச்சு வாங்கியது. ஒரு வீட்டில் சாவி மாறிப்போய் மறுபடி தேடினாள். கப்பல் முனையை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டுதான்," என்றாள் அசிமினா. "கீழ ஒண்ணு, உச்சியில ஒண்ணு. உன்னுது கீழயா, மேலயா?"

மரிகோ வாத்தியார் வீட்டுக் கதவைத் திறந்தாள். வெள்ளைத் துணிகளுக்கு நடுவே போய்ப் பின்னிய உறைக்குள் கைவிட்டு விளக்கை அணைத்தாள்.

"இப்ப?"

"ஒண்ணுதான்டி இருக்கு."

"அதுதான்."

"அதுவா," என்றாள் அசிமினா. "பாத்துட்டேன். நல்லாத் தெரியு..."

முனைக்கு அப்பால் எப்போதும் தொடர்பு இருக்காது. கப்பலின் பின்விளக்கும் பாறைக்குப் பின்னால் போயிற்று.

மரிகோ அந்த ஜன்னலருகே நின்று கீழே பார்த்தாள். தன் வீட்டு விளக்கு மட்டும் இருட்டில் தனியாக எரிவதை வெளியிலிருந்து அவள் பார்த்ததில்லை. விளக்கைப் போடுகிறவள் எப்போதும் உள்ளேதான் இருந்திருக்கிறாள். சின்னதாக இருந்தது. யாரோ சமைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பையிலிருந்து சாவிகளை எடுத்தாள். இருட்டில் எல்லா நூலும் ஒரே நிறம். ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.