ஜெனரல் ஸ்க்ராப் என்கிற லாயோஷ் டோபோஷ்

லாயோஷ் டோபோஷ் பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்தவரில்லை. ஜெனரல் ஸ்க்ராப் என்பது பத்திரிகைகள் வைத்த பெயர். எங்கள் தெருவில் அவர் லாலி. கார்வர் உருக்காலையின் மூன்றாம் கூடத்தில் கிரேன் ஓட்டினார். தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில், கூரைக் கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, ஒரு தகரக் கூண்டில் உட்கார்ந்து பதினோரு வருடம் கொதிக்கும் இரும்பைத் தூக்கி இறக்கினார். கீழே நின்று அவருக்குச் சைகை காட்டுவது என் வேலை. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. கட்டைவிரல் மேலே போனால் தூக்கு, கீழே வந்தால் இறக்கு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வீசினால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூட இது தெரியும். சூப் போதும் என்பதைச் சாப்பாட்டு மேசையில் லாலி அப்படித்தான் சொல்வார்.

ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு. ஆளுக்கு ஓர் ஆணி, ஆணியில் எண் போட்ட பித்தளை வில்லை. உள்ளே போகிறவர் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வரும்போது திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். விதி இவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு லீவு கிடைக்காது. கல்யாணம், சாவு, ஞானஸ்நானம் என்று வந்தால் நண்பன் ஒருவன் நம் வில்லையை எடுத்துக்கொண்டு நம் இடத்தில் போய் வேலை செய்வான். பிடிபட்டால் இருவருக்கும் வேலை போகும். இருந்தும் எல்லோரும் செய்தோம். பலகையைக் காவல் காத்த குமாஸ்தாவின் மைத்துனனே மாதம் ஒரு முறை செய்தான்.

1958 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெஷோ வார்காவின் மகளுக்கு ஞானஸ்நானம். லாலியோடு முறை மாற்றி அதே கிரேனை ஓட்டியவன் டெஷோ. லாலி அவன் வில்லையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். நாங்கள் ஆலைக்கு எதிரே, கோயிலின் கீழ்க்கூடத்தில், முட்டைக்கோஸ் சுருள் தின்றுகொண்டிருந்தோம்.

மூன்று மணிக்கு வானத்தில் ஓர் இயந்திரம் வந்தது. யாரோ ஒரு பேராசிரியர் உலகத்தைப் பிடிப்பதற்காகச் செய்து அனுப்பியது. அந்த நாட்களில் மாதத்துக்கு ஒன்று வந்தது. வழக்கம்போல், ஊரைக் காப்பாற்றுகிற மாவீரர் பிரைட்மேன் பறந்து வந்து அதனோடு மல்லுக்கட்டினார். நீல உடை, மஞ்சள் தோள்துணி, வெள்ளைப் பல். இயந்திரம் வெடிக்கப்போகிறது, எங்காவது போட்டாக வேண்டும். ஒரு பக்கம் எங்கள் வீடுகள். மறுபக்கம் ஏரியில் குளிக்கிற கூட்டம். நடுவே ஆலை.

சங்கு ஊதியது. ஞாயிறு என்பதால் மூன்றாம் கூடத்தில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். நான்கு பேர் ஏரிப்பக்க வாசலால் ஓடிவந்து தலை எண்ணப்பட்டார்கள். அவர்களுடையது போகப் பலகையில் ஓர் ஆணி மட்டும் காலி, டெஷோவுடையது. மேஸ்திரி மல்வேனி முன்வாசல் கூட்டத்தில் தேடினார். சங்கு கேட்டுப் பதறி ஓடிவந்த டெஷோ முதல் வரிசையில் நின்றான். அவன் கோட்டு சூட்டில் இருந்ததையும் கோட்டில் பூ குத்தியிருந்ததையும் மல்வேனி கவனிக்கவில்லை. வார்கா இங்கே இருக்கிறான், கூடம் காலி என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். டெஷோ வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

பிரைட்மேன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூரைக்கு மேலே வந்தார். இறங்க நேரமில்லாமல் கூண்டிலேயே இருந்த லாலி கண்ணாடி வழியே அவரைப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டி வீசினார். பிரைட்மேனும் அவரைப் பார்த்தார். சிரித்தார். ஒரு கையை விடுவித்துப் பதிலுக்கு ஆட்டினார். பிறகு போட்டார்.

இடிபாட்டிலிருந்து லாலியை நாங்கள் எடுத்தபோது மாலை ஏழு மணி. அதற்குள் ரேடியோவில் சொல்லியாகிவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று. லாலியின் வலது கை தோளோடு போயிருந்தது. இடது கண்ணும் நான்கு விலா எலும்புகளும் இல்லை. ஆலை நிர்வாகம் பலகையைக் காட்டியது. டோபோஷின் வில்லை ஆணியிலேயே தொங்குகிறது, அவர் அன்று உள்ளே இல்லை, பிற்பாடு இடிபாட்டில் ஏதாவது பொறுக்கப் போயிருப்பார் என்றது.

டெஷோ மருத்துவமனைக்கு வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

லாலி வேண்டாம் என்றார். "உனக்கும் போகும்டா வேலை. புள்ளைக்குப் பால் வாங்க வேணாமா? நீ சொல்லி எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. அவன் சொல்லணும். அவன் என்னைப் பார்த்தான்."

யார் என்று கேட்டேன்.

"மேல இருந்தவன்தான். பார்த்துட்டுக் கை ஆட்டினான். பார்த்தேன்னு ஊருக்கு முன்னால அவன் வாயால சொல்லணும். அது வரைக்கும் விடமாட்டேன்."

கையைச் செய்தது இலோனா வைடா. போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் ஆணி அடித்த பெண். கணவர் இறந்தபின் ஆறாவது தெருவில் பட்டறை வைத்து, உடைந்த மெஷின் எதுவானாலும் சரி பண்ணிக்கொடுத்தார். அவர் பேச்சுக்குப் பயந்து பாதிப் பேர் மெஷினை உடைந்தபடியே வைத்திருந்தார்கள். லாலி ஒற்றைக் கையோடு வந்து நின்றபோது இலோனா அவரைச் சுற்றி வந்து, பழைய லாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கேள்வி கேக்கப் போறியா, இல்ல ஆளை முடிக்கப் போறியா? அதுக்குத் தகுந்த மாதிரிதான் மோட்டார் போடணும்."

லாலி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ரெண்டுக்கும் ஆகுற மாதிரி போடு."

"வலிக்கும்."

"உனக்கா எனக்கா?"

"உனக்கு. எனக்கு முதுகுதான் பிடிச்சுக்கும்."

கிரேன் மோட்டார், டிராக்டர் பம்ப், உள்ளங்கையில் மின்காந்தம். கண்ணுக்கு, உலையின் சூட்டை அளக்கிற கருவியின் கண்ணாடி. அந்தக் கண்ணுக்கு நிறம் தெரியாது, சூடு மட்டும் தெரியும். கூட்டத்தில் காய்ச்சல்காரன் யார் என்று லாலி வாசலிலிருந்தே சொல்வார். தோளைத் தாங்குவதற்கு நல்ல எஃகு வேண்டியிருந்தது. ஒரு வங்கியின் பெட்டகக் கதவைப் பிடுங்கி வந்தார். உள்ளே இருந்த எதையும் தொடவில்லை. மறுநாள் பத்திரிகையில் ஜெனரல் ஸ்க்ராப்.

நான்கு முறை பிரைட்மேனோடு மோதினார். பூங்காவிலிருந்த பிரைட்மேன் சிலையைப் பெயர்த்து ஏரியில் போட்டார். விமானநிலையக் கூரையைச் சுருட்டினார். நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும், அதில் பாதி, ஜனங்களை அலற வைத்த காரியங்கள், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் மோதலுக்கு நடுவில் லாலி ஒரே கேள்வியைக் கேட்டார். பார்த்தியா இல்லையா? பிரைட்மேன் அதைச் சவடால் என்று எடுத்துக்கொண்டார். அவரோடு மோத வந்த எல்லோரும் மோதலின்போது ஏதாவது பேசுகிறவர்கள்தானே. ஒவ்வொரு முறையும் லாலி ஏரியில் வீசப்பட்டார். நாங்கள் படகில் போய்க் கொக்கி போட்டு இழுத்து வந்தோம். இலோனா சேற்றைக் கழுவியபடி, ஊரில் எல்லோரும் மீன் பிடிக்கப் போகிறார்கள், நமக்கு மட்டும் இதுதான் மாட்டுகிறது என்பார்.

நான்காவது முறை மட்டும் லாலி வெறுங்கையோடு திரும்பவில்லை. உள்ளங்கைக் காந்தம் பிரைட்மேனின் மார்பில் ஒட்டிக்கொண்டதாம். நீல உடைக்குள்ளே எஃகுத் தகடு கட்டியிருந்தார்.

"அவனுக்கும் வயசாகுது இலோனா. அடி தாங்கல, தகடு கட்டிக்கிறான்" என்றார் லாலி. அதில் கேலி இல்லை.

1968 ஆகஸ்டில் பத்தாவது பிரைட்மேன் தினம். ஆலை வாசலில் ஒரு கருங்கல் திறக்க ஏற்பாடு. கல்லில் என்ன வெட்டியிருக்கிறது என்று ஊருக்கே தெரியும். இந்த நாளில் இங்கே ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்று. லாலி அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பட்டறையில் உட்கார்ந்தார். பேச்சென்றால் மறந்துபோகும், கல் அப்படியில்லை என்றார். கல்லை உடைத்துவிடலாம் என்றேன். உடைத்தால் இன்னொன்று வைப்பார்கள் என்றார். இந்தத் தடவை ஆளைக் கொல்லப்போகிறாயா என்று இலோனா நேராகக் கேட்டார். அவன் பார்க்கவில்லை என்று சொன்னால், ஆமாம் என்றார் லாலி.

வாசலுக்குப் பக்கத்திலேயே பழைய இரும்புக் கிடங்கு. அங்கே லாரிகளைப் பஞ்சு மாதிரி தூக்குகிற பெரிய காந்தக் கிரேன் உண்டு. விழா நாளன்று காலை எட்டு மணிக்கே லாலி அதன் கூண்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். காவலாளி பார்த்தான். அவனும் எங்கள் தெருக்காரன். பார்க்காததுபோல் இருந்துவிட்டான்.

பதினோரு மணிக்குப் பேண்டு வாத்தியம், மேயர், மல்வேனி, மூவாயிரம் ஜனங்கள். பிரைட்மேன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு கீறல்கூட, என்று ஆரம்பித்தார். மேடைக்கு மேலே காந்தம் வந்து நின்றது. அடுத்த நொடி அவர் மல்லாந்தபடி அதில் ஒட்டிக்கொண்டார். மைக்கும் கூடவே போய் அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒட்டியது. அவர் பறந்து பார்த்தார். தோள்துணி மட்டும் பறந்தது. லாலி அவரைக் கூண்டின் சன்னலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, இரும்புக் கையை வெளியே நீட்டிக் கழுத்தைப் பிடித்தார். மைக் வேலை செய்துகொண்டே இருந்தது. அவர்கள் பேசியது ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது.

"என்னைப் பார்த்தியா இல்லையா?"

"யாரை? கூடம் காலியா இருந்துது. காலின்னு கீழ சொன்னாங்க."

"கீழ சொன்னது இருக்கட்டும். நீ என்ன பார்த்தே?"

"யாரையும் பார்க்கல."

மோட்டார் முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இலோனா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போட்ட மோட்டாரின் பலம் அவருக்குத் தெரியும்.

அப்போது டெஷோ மேடையில் ஏறினான். பேண்டுக்காரன் உரக்கக் கட்டளையிட வைத்திருந்த தகரக் கூம்பைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான்.

"நான் டெஷோ வார்கா. அன்னிக்கு உள்ள இருக்க வேண்டியவன் நான். எம் பொண்ணுக்கு ஞானஸ்நானம். என் வில்லைய எடுத்துக்கிட்டு லாலிதான் போனான். எனக்கு பதிலா அவன் இருந்தான். நான் கூட்டத்துல நின்னு சும்மா பார்த்துக்கிட்டிருந்தேன்."

மல்வேனி எழுந்தார். "உன் வேலை போச்சுடா வார்கா."

"போகட்டும். பத்து வருஷம் லேட்டு."

பிறகு என் பின்னாலிருந்து ஒருவர் தானும் வில்லை மாற்றியிருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். முன்னூறு கைகள் இருக்கும். குமாஸ்தாவின் மைத்துனன் மேடைக்கு நேரே நின்று இரண்டு கையையும் தூக்கினான். குமாஸ்தா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். மல்வேனி எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார். அத்தனை பேரையும் நீக்கினால் திங்கட்கிழமை உலையை யார் மூட்டுவது?

ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. பிரைட்மேன் தலையைத் திருப்பி மேலிருந்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பேசினார்.

"கண்ணாடிக்குள்ள ஒருத்தர் இருந்தார். கையை ஆட்டினார். எல்லாரும் எனக்குக் கை ஆட்டுவாங்க. அப்படித்தான் நினைச்சேன். நானும் ஆட்டினேன்."

"அப்புறம்?"

"போட்டதுக்கப்புறம்தான் உறைச்சுது. அதுக்குள்ள ரேடியோவில சொல்லிட்டாங்க. அது நீங்கதானா?"

"நான்தான்."

"பார்த்தேன். உங்களைப் பார்த்தேன்."

"பேரைச் சொல்லிச் சொல்லு."

"உங்க பேர் எனக்குத் தெரியாதே."

அந்தப் பத்து வருடத்தில் லாலியை அதிகம் உலுக்கியது அந்தப் பதிலாகத்தான் இருக்கும். நான்கு முறை ஏரியில் வீசியவருக்குப் பெயர் தெரியவில்லை. லாலி பெயரைச் சொன்னார். பிரைட்மேன் முதல் தடவை தப்பாகச் சொன்னார். கூட்டத்திலிருந்து பத்துப் பேர் திருத்தினார்கள்.

"லாயோஷ் டோபோஷைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போட்டேன். அவர் உள்ள இருந்தார்."

இரும்புக் கை திறந்தது. கொதிக்கும் இரும்பை இறக்குவதுபோல், ஒரு குலுக்கல்கூட இல்லாமல், லாலி அவரை மேடையில் இறக்கிக் காந்தத்தை அணைத்தார். பிரைட்மேன் பறந்து போகவில்லை. தோள்துணியைச் சரிசெய்துகொண்டு போய், மூடியிருந்த கல்லை அப்படியே தூக்கி, எழுத்து கீழே போகும்படி படுக்கவைத்தார்.

லாலி ஏணியில் இறங்கி வந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர் நோட்டோடு காத்திருந்தார். வங்கிக் கதவு, சிலை, விமானநிலையம், எல்லாம் பாக்கி இருந்தது. பெயர் என்ன என்று கேட்டு, எழுத்துக் கூட்டிக் கேட்டு, அதையே எழுதிக்கொண்டார். வண்டி வருவதற்கு நேரமாகும், அதுவரை எங்கேயும் போய்விடக் கூடாது என்றார். லாலி போகிற மாதிரி இல்லை.

நாங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவது என்று முடிவு செய்தோம். ஆறு பேர் குனிந்தோம். அசையவில்லை. பதினோரு பேர் ஆனோம். டெஷோ காலைப் பிடித்தான். பிரைட்மேன் ஒதுங்கி நின்று, உதவட்டுமா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. லாலி சிரிக்க ஆரம்பித்தார். விலா எஃகெல்லாம் கிடுகிடுத்தது.

"விடுங்கடா, இடுப்பு ஒடிஞ்சு போகும். நடந்தே வரேன்" என்றார்.

நடந்தார். பேண்டுக்காரர்கள் பின்னால் வாசித்துக்கொண்டே வந்தார்கள். இன்ஸ்பெக்டரும் வந்தார்.