ரோஸ்லின் அக்கா சொல்லாமல் விட்ட மூன்றாம் தரம்

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லாரியிலிருந்து கம்பிக்கட்டு இறங்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அந்த இரைச்சலில்தான் ரோஸ்லின் அக்கா பாடும் எங்கள் இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கும் பீட்டர் போனில் கத்தினான்: "மாமு, ரோஸ்லின் அக்கா போய்ட்டாங்கடா. காலைல எழுந்துக்கவே இல்ல." கடையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்தேன். ராயபுரம் வரும்வரை ஹெல்மெட்டுக்குள் அழுகை. சிக்னலில் நின்றபோது பார்த்தால், என் கால் மட்டும் தன்பாட்டுக்கு அக்காவின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. சாவுச் செய்தி கேட்டு வரும்போதும் காலை ஆட்டிவைக்க அவரால்தான் முடியும்.

ஜாஸ் பாடகி என்றால் மங்கலான விளக்கு, தழுதழுத்த குரல் என்று நினைப்பவர்கள் உண்டு. அக்கா சோகப் பாட்டைத் தொடவே மாட்டார். விடியும், ஜெயிக்கலாம், எழுந்து நட என்று தெம்பு சொல்லும் பழைய சினிமாப் பாட்டுகள்தான் அவருக்கு உயிர். நமக்கெல்லாம் மனப்பாடமான அந்த மெட்டுகளை இழுப்பார், வளைப்பார், நடுவில் நிறுத்திச் சிரிப்பார். நேற்றுப் பாடியபடி இன்று பாட மாட்டார். "தைரியம் சொல்ற பாட்ட கடகடன்னு பாடுனா யாரு நம்புவாங்க? நின்னு நின்னு சொல்லணும்" என்பார்.

நான் அவருடைய டிரம்மர். உற்சாகம் தாங்காமல் ஒத்திகையில் எல்லாவற்றையும் போட்டு அடிப்பேன். உடனே கையைக் காட்டி நிறுத்துவார். "இன்னா நைனா, இங்கயும் கம்பி எறக்கிகினு கீறியா? பாட்டுல கொஞ்சம் இடம் வுடு. ஜனங்க வந்து குந்தட்டும்."

பெரிய ஓட்டல்களில் அவருக்குக் கைதட்டல் பலம். ஆனாலும் அவருக்கு ஆசை வேறாக இருந்தது. அம்மா மீன் விற்ற காசிமேட்டில், தன் ஜனங்கள் முன்னால் ஒருமுறை பாடி ஜெயிக்க வேண்டும். மாதா கோயில் திருவிழாவில் அந்த மேடை கிடைத்தது. இரண்டு வரி தாண்டவில்லை, முன்வரிசையிலிருந்து மீன்காரி மேரி அக்கா எழுந்துவிட்டார். "இன்னாமே ரோசு, நல்ல பாட்ட ஏன் பேஜார் பண்ற? ரெகார்டுல கீற மாதிரி பாடுமே!"

பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. அக்கா கண்ணை மூடினார். திடீரென்று அவர் தொண்டையிலிருந்து துறைமுகத்து மீன் ஏலக்காரரின் குரல் வந்தது. "ஒரு தரம்..." என்று ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். "ரெண்டு தரம்..." என்று மேலே போய், அப்படியே நின்றார். வாத்தியமும் இல்லை, குரலும் இல்லை. விடியும் முன்னே ஏலத்தில் நின்று பழகிய ஜனம் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும்?

"மூணு தரம்!" என்று கத்தியது அதே மேரி அக்காதான்!

நான் இருந்ததையெல்லாம் அடித்தேன். பாட்டு அந்த ஏலத் தாளத்திலேயே திரும்பி வந்தது. கிளம்பியவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஆடினார்கள். அதன்பிறகு எண்ணூரானாலும் திருவொற்றியூரானாலும் பாட்டில் அந்த ஏல இடம் இல்லாமல் கச்சேரி இல்லை. மூன்றாம் தரத்தை நீங்களே ஏன் சொல்வதில்லை என்று ஒருநாள் கேட்டேன். "நான் சொல்லிட்டா ஏலம் முடிஞ்சிடும்ல? அல்லாரும் வூட்டுக்குப் போய்டுவாங்க" என்று சிரித்தார்.

தன் அடக்கத்துக்கும் அந்த ஏலப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். சவப்பெட்டியைத் தூக்கியதும், நான் ஒரு டிரம்மைத் தோளில் மாட்டிக்கொள்ள, தெருவில் வாசித்துக்கொண்டே நடந்தோம். பாட்டில் அந்த இடம் வந்தது. பாட ஆள் இல்லை. பெட்டியைப் பிடித்தபடி நடந்துவந்த மேரி அக்கா உடைந்த குரலில் எடுத்தார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..."

குச்சியை ஓங்கிக் காத்திருந்தேன். வருடக்கணக்காக அந்த மூன்றாம் தரத்தைக் கத்திய தெரு, ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. மேரி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாடா முழிச்சிகினு கீற? முடிக்கக்கூடாது. மொதல்லேர்ந்து அடி!"

கல்லறைத் தோட்டம் வரைக்கும் மறுபடி மறுபடி முதல் தரத்திலிருந்தே தொடங்கினோம். அழுதோம், ஆடினோம், அழுதுகொண்டே ஆடினோம்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது பாட்டுக்கு நடுவே உள்ள அந்தக் காலி இடத்தைத்தான். இப்போதும் அங்கே வந்ததும் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ரெண்டு தரம்தான் ஆகியிருக்கிறது, அக்கா. யாரும் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.