கண்ணாடிப் புட்டி இருபது

கிராஃபைட் துண்டின்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி, அப்பா ஒரே இழுப்பில் உரித்தார். பழைய மேல்பரப்பு நாடாவோடு வந்துவிட்டது. அடியில் புதுக் கரி பளபளத்தது.

"ஓடும்மா. காத்துப் பட்டா மூஞ்சி கறுத்துடும்."

"ஏற்கெனவே கரிதானேப்பா."

"கரிக்கும் ஒரு கௌரவம் இருக்கு."

துண்டைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு மகள் மேல்மாடிக்கு ஓடினாள். மூன்று வாரப் பழுதுக்குப் பிறகு அன்றுதான், மேல்பரப்பில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் நிறமாலைக் கருவி வேலை செய்தது.

அந்த ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷமாகச் சோதனைத் துண்டுகளைத் தயார் செய்தவர் அவர். பள்ளிப் படிப்போடு சரி. கருவிக்குப் பொறுப்பாளராக மகளே வந்து சேர்ந்தபோது, ஊருக்கெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

கரி மட்டுமே தெரியவேண்டிய வரைபடத்தில் சில மாதங்களாகச் சிலிக்கான் தலைகாட்டியது. மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத படலம் போதும். கருவி அதைத்தான் முதலில் பார்க்கும். அவள் கட்டுரை திரும்பி வந்தது. சந்தேகம் அப்பாவின் கைமேல் விழுந்தது. கரைப்பான்கள் பட்டுப் பட்டு வெடித்த கை. அவர் தடவும் களிம்பில் சிலிக்கான் கலந்த சிலிக்கோன் எண்ணெய் இருந்தது.

"களிம்புதான் காரணம். கையுறை மாட்டும்போது வெளியே ஒட்டுது," என்று, கருவி பழுதாவதற்கு முன் நடந்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"களிம்பு பத்து வருஷமாப் போடுறேன், மேடம். அடியில பசை வெச்ச இந்தப் பிளாஸ்டிக் பெட்டி வந்துதான் மூணு மாசம். கண்ணாடிப் புட்டிக்கு மாத்திப் பாக்கலாமே?"

பெட்டியைத் தேர்ந்தெடுத்தது அவள். "எனக்குத் தெரியும்ப்பா. விடுங்க."

அதற்கு முன் அவர் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

களிம்பை அன்றே நிறுத்தினார். விரல் மடிப்புகளில் ரத்தம் கசிந்தது. சட்டைப் பொத்தான் போடத் திண்டாடினார்.

கிராஃபைட் உரித்த மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவர் எழவில்லை. மாரடைப்பு.

பத்து நாள் கழித்து அவள், களிம்பு தடவாத கையால் அவர் உரித்த அந்தக் கடைசித் துண்டின் வரைபடத்தைத் திறந்தாள். சிலிக்கான் அதே இடத்தில், அதே உயரத்தில் இருந்தது. பக்கத்து ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி கேட்டு வாங்கி, தானே உரித்து, அதில் எடுத்துப்போய்ப் பார்த்தாள். சிலிக்கான் இல்லை. மறுபடி செய்தாள். இல்லை.

அவருடைய வெள்ளைக் கோட்டு இன்னும் ஆணியில் தொங்கியது. பையில் கிடங்கில் பொருள் கேட்கும் சீட்டு ஒன்று, கூட்டம் நடந்த தேதியிட்டு: 'கண்ணாடிப் புட்டி – 20.' பொறுப்பாளர் கையெழுத்துக்கான இடம் காலி. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:

'பாப்பா கோபம் ஆறினதும் கையெழுத்து வாங்கணும்.'