சாணிக் காலோடு உள்ளே விடும் நர்ஸ்

"பல்லைக் காட்டு. ரெண்டு கையையும் தூக்கு. இப்ப உன் பேரைச் சொல்லு." மாட்டுச் சந்தையில் ஏலம் நடக்கிற கம்பி வேலி ஓரமாக நின்று, வருகிற போகிற ஆண்பிள்ளைகளை மறித்துக்கொண்டிருக்கிறாள் டெல்வீன். எங்கள் மரிங்கல் ஆஸ்பத்திரி நர்ஸ். என் சித்தி மகன் லெஸ்ஸுக்கு மூன்றாவது பெண். அந்த நீள மூக்கு அவன் வீட்டு மூக்கு. கை தூக்கிய பாவத்துக்கு ஒருவன் தலையில் ஏலக்காரர் ஒரு காளையையே கட்டிவிட்டார்.

"அடிப் பாவி, உன்னால எனக்கொரு காளை வந்துடுச்சு!"

"கை தூக்க முடிஞ்சுதுல்ல? சந்தோஷப்படு."

மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டால் முகம் கோணும், கை விழும், பேச்சுக் குழறும். சீக்கிரம் மருந்து ஏறினால்தான் பிழைப்பு. எங்கள் ஆட்களோ ஆஸ்பத்திரி என்றால் குளித்து, நல்ல சட்டை மாற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள். ஆஸ்பத்திரியிலும் முன்பெல்லாம் கட்டிலில் கிடத்தி, உடுப்பு மாற்றி, துடைத்துவிட்டு, அப்புறம்தான் ஸ்கேன் எடுக்கிற ஆளை வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். லெஸ்ஸுக்கு இது வந்தபோதும் அப்படித்தான் நேரம் போயிற்று. இன்றைக்கும் அவன் வாயில் ஒரே சொல், "சரி". பசிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான்.

அவன் மகள் எல்லாவற்றையும் தலைகீழாக்கினாள். ஆம்புலன்ஸ் வழியிலிருந்தே போன் செய்ய வேண்டும். பட்டணத்து மூளை டாக்டர் திரையில் வந்து காத்திருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர், கட்டில் இருக்கிற பக்கம் திரும்பவே கூடாது. நேரே ஸ்கேன் அறை. தரை பாழாகிறது என்று தலைமை நர்ஸ் சத்தம் போட்டதற்கு, "சாணியைக் கழுவிக்கலாம். மூளை செத்தா எதைக் கழுவுறது?" என்றாளாம்.

போன மாதம் என் தம்பி மெர்வ் பால் கறக்கும் கொட்டகையில் சரிந்தான். வலது கை தொங்கியது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

"குளி... குளிச்சுட்டு..." என்று குழறினான்.

"வாயை மூடுடா!"

ஆஸ்பத்திரி வாசலிலேயே டெல்வீன் நின்றாள். "அத்தை, கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

"ரேடியோவுல செய்தி ஆரம்பிக்கையில கறுப்புப் பசுவைக் கெட்ட வார்த்தையில திட்டினான்."

"தெளிவாத் திட்டினாரா?"

"பக்கத்துப் பண்ணைக்கே கேட்டிருக்கும்."

"அப்ப நேரம் இருக்கு!"

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். மெர்வுடைய ரப்பர் பூட்ஸிலிருந்து வழிநெடுகச் சாணி உதிர்ந்தது. ரத்தம் கசிந்திருந்தால் அடைப்பைக் கரைக்கிற மருந்தை ஏற்றக் கூடாதாம். ஸ்கேனில் கசிவு இல்லை. திரையில் டாக்டர் தலையசைத்ததும் அந்த மேசையிலேயே மருந்து ஏறியது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டர் வந்து இறங்கியபோது, மெர்வ் என்னைப் பார்த்து, "மாட்டை யாரு கறக்கிறது?" என்றான். வார்த்தை ஒவ்வொன்றும் நேராக வந்தது. கை? கேட்க எனக்குப் பயம்.

டெல்வீன் அவன் தொப்பியை வலது பக்கமாக நீட்டினாள். "பிடிங்க பெரியப்பா."

விரல்கள் தடுமாறி வந்து தொப்பி விளிம்பைப் பற்றின. அவள் தொப்பியைக் கொடுக்கவில்லை. மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பி இழுத்தான். அவள் இன்னொரு கையையும் போட்டு, இன்னும் பலமாக இழுத்தாள்.