நான்காக மடித்த கம்பளி

ஹோட்டலுக்குப் போவதற்கு இரண்டு நாள் முந்தி அக்கா போன் எடுத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வந்தா என்னைய தெரியாத மாதிரி இருக்கணும். வெளங்குதா?"

"அது எப்பிடிக்கா முடியும்? ரெண்டு பேரு மூஞ்சியும் ஒரே அச்சுல்ல."

"அப்ப மூஞ்சிய கீழ போட்டுக்கிட்டு நட. சிரிச்சுத் தொலைக்காத. நீ சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துரும்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. நுவரெலியா டவுனில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கட்டடம் ஒன்றில் நடக்கும் பெரிய ஹோட்டல் அது. அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். தங்க வருகிறவர்களோடு உறவு கொண்டாடக் கூடாது என்பது அங்கே சட்டம். கூட வேலை செய்த ஒரு பிள்ளையின் மாமா, கல்யாண விருந்துக்கு வந்த இடத்தில் அவளை நிறுத்திவைத்து அரை மணி நேரம் ஊர்க்கதை பேசியிருக்கிறார். அடுத்த நாளே அந்தப் பிள்ளையைத் துணி வெளுக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். அக்காவுக்கு அந்தப் பயம்.

நான் மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஆங்கில ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று கடிதம் வந்தபோது, இடத்தின் பெயரை இரண்டு தரம் வாசித்தேன். அம்மாவிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அக்காவுக்கு ஊறுகா குடுத்து விடலாமா?" என்பதுதான்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன். அக்கா எட்டோடு நின்றாள். ஏன் நின்றாய் என்று யாராவது கேட்டால், "எனக்குப் பின்னக் கணக்கு வரல. அது என்னைய விரட்டுச்சு, நான் ஓடிட்டேன்" என்பாள். அப்பாவுக்கு இடுப்புப் போனதும் அந்த வருடம்தான். அதை அவள் சொல்வதில்லை.

வியாழக்கிழமை ஹட்டனில் பஸ் மாறி மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். வாசலில் தொப்பி போட்ட ஒருவர் என் பையை வாங்கக் கை நீட்டினார். உள்ளே ஊறுகாய்ப் போத்தல் இருந்ததால் நான் விடவில்லை. அவரும் விடவில்லை. ஆளுக்கு ஒரு வாராகப் பிடித்துக்கொண்டு, மண்ணெண்ணெய் டின் தூக்குகிற மாதிரி இரண்டு பேரும் கவுண்டர் வரைக்கும் நடந்தோம்.

என் அறை இரண்டாம் மாடியில். மரப்படி ஒவ்வொன்றும் காலுக்குக் கீழே முனகியது. படி முடிகிற இடத்தில், துவாய்களும் சவர்க்காரமும் அடுக்கிய தள்ளுவண்டியோடு அக்கா நின்றாள். சாம்பல் நிறச் சட்டை, வெள்ளை ஏப்ரன், கொண்டையில் ஒரு முடிகூட வெளியே இல்லை. வீட்டில் நான் பார்த்த அக்கா இல்லை அது. பாடசாலைக்குப் புதிதாக வந்த அதிபர் மாதிரி இருந்தாள்.

"குட் ஆப்டர்நூன், சேர்."

சாப்பிட்டியாக்கா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு "குட் ஆப்டர்நூன்" என்றேன். பிறகு என்ன நினைத்தேனோ, "மிஸ்" என்றும் சேர்த்தேன். அவள் தலை குனிந்து துவாய்களை எண்ணத் தொடங்கினாள். அவளுடைய தோள் குலுங்கியது.

கட்டிலில் ஆறு தலையணை இருந்தது. ஒரு ஆளுக்கு ஆறு. எங்கள் வீடு முழுக்கத் தேடினாலும் நாலுதான். பின்னேர வகுப்பு முடிந்து, குளிரில் உடம்பு விறைத்துப்போய் ஆறரை மணிக்கு அறைக்கு வந்தேன். திரைச்சீலை இழுத்து மூடி, போர்வையின் ஒரு மூலையை மடித்துவிட்டிருந்தார்கள். சும்மா காலை உள்ளே விட்டேன். ஏதோ சூடாக, மெத்தென்று, அசைகிற மாதிரி பட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் குளிர்காலத்தில் பூனை இப்படித்தான் கம்பளிக்குள் வந்து படுக்கும். துள்ளிக் குதித்துக் கதவு வரைக்கும் போய்விட்டேன்.

வேலை முடிந்து தன் போர்டிங்குக்குப் போயிருந்த அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, கட்டில்ல பூனை இருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் என்னவென்று கேட்பது எனக்குக் கேட்டது. "அடேய் மக்கு வாத்தியாரே, அது சுடுதண்ணிப் பை! கால் குளிராம இருக்க நான்தான் வச்சேன். எல்லா ரூமுக்கும் ஒன்னு. ஒனக்கு மட்டும் கொஞ்சம் கூடச் சூடா ஊத்துனேன்."

ரப்பர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தேன். அவள் வைத்தது என்பதாலோ என்னவோ, அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அடுத்த நாள் காலையில் நான் செய்த வேலைக்கு அந்தச் சூடுதான் காரணம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

லயத்து வீட்டில் எழுந்ததும் முதல் வேலை படுக்கையை மடிப்பது. தூங்கின இடத்தில்தான் பிறகு சாப்பிடவும் படிக்கவும் வேண்டும். படுக்கை கிடந்தால் கால் வைக்க இடம் கிடையாது. கம்பளியை நீளவாட்டில் நான்காக மடித்து, நுனியை உள்ளே சொருகி, சுவரோரம் வைத்த பிறகுதான் அம்மா தேத்தண்ணி தருவார். கை அதைத் தானாகவே செய்யும்.

வெள்ளிக்கிழமை காலையில் என் கை அதைச் செய்தது. பெரிய போர்வையை நான்காக மடித்துக் கட்டில் கால்மாட்டில் வைத்தேன். தலையணை ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். குளியலறைத் தரையைச் சின்னத் துவாயால் துடைத்தேன். துவாய்களை அலசி ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். அக்காவுக்கு ஒரு அறை வேலை மிச்சம் என்று மனம் நிறைந்துபோனது. அது போதாதென்று, மேசையில் கிடந்த "தொந்தரவு செய்ய வேண்டாம்" அட்டையைக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு, விசிலடிக்காத குறையாக வகுப்புக்குப் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம், தோட்டத்துப் பக்கம் இறங்கும் படியடியில், அழுக்குத் துணிக் கூடையோடு அக்கா குறுக்கே வந்தாள். சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"ரூம்ல என்னாடா பண்ணி வச்சிருக்க?"

"ஒனக்கு வேல கொறையட்டும்னு..."

"வேல கொறையட்டும்னு யாரு கேட்டா? கார்டு வேற தொங்கவிட்டிருக்க."

"நீ கொஞ்சம் ஓய்வா இரேன்னுதான்க்கா."

"ஓய்வு! இப்ப வீட்டுக்கே அனுப்பி ஓய்வு குடுக்கப் போறாங்க." கோபமா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நடந்தது இதுதான். அறைகளைப் பார்வையிடும் சுப்பவைசர் மிஸ் பதினொரு மணிக்கு வந்திருக்கிறார். தங்கியிருக்கும் ஆள் கீழே வகுப்பில், மேலே அட்டை தொங்குகிறது. திறந்து பார்த்தால் ஜன்னலில் துவாய், மடித்த போர்வை. நேற்றுப் பின்னேரம் நீ உள்ளே போய்ப் படுக்கை விரித்த பிறகு இந்த ஆள் ஏன் கதவடைத்தார், நீ என்ன செய்தாய், ஏதும் சாமானைத் தொட்டாயா, சண்டை பிடித்தாயா என்று அக்காவைக் கேட்டிருக்கிறார். அக்காவால் எதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் தம்பி என்று தெரிந்துவிடும். நாளைக்கு வேறு பிள்ளையை அனுப்புவதாகச் சொல்லி, தன் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு போயிருக்கிறார் மிஸ்.

"மாசக் கடைசில அந்தக் கொப்பியப் பாத்துத்தான் எனக்கு முடிவு சொல்வாங்க," என்றாள் அக்கா.

நான் கூடையை வாங்கக் கை நீட்டியதும் அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீ பாடம் நடத்திக்கிட்டு இருக்கப்ப நான் வந்து ஒன் கரும்பலகைய அழிச்சுட்டு, நீ ஓய்வா இரு தம்பின்னு சொன்னா எப்பிடி இருக்கும்? கட்டில் விரிக்கிறத அஞ்சு மாசமாப் படிச்சேன்டா நான். மூலைய நாப்பத்தஞ்சு பாகையில மடிக்கணும். பின்னக் கணக்குத்தான் வரல, இது வந்துச்சு. சரி, முழிக்காத. போய்ச் சாப்புடு. ஊறுகாய மறந்துறாத."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் வேலைக்கு மரியாதை இருக்கிற மாதிரி அவள் வேலைக்கும் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அவள் வேலையைக் கஷ்டம் என்று மட்டும்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கெட்டித்தனம் என்று நினைத்ததே இல்லை.

பின்னேர இடைவேளையில் சுப்பவைசர் மிஸ்ஸைத் தேடிப் போனேன். மாடிக் கோடியில் துணி அலுமாரிகள் நிறைந்த சின்ன அறை. ஐம்பது வயதிருக்கும், சிங்களப் பெண், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். வரும் வழியெல்லாம் சிங்களத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அட்டையை மாட்டியது நான்தான், அந்தப் பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லை, எழுந்ததும் படுக்கையை மடிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம், நாளைக்கும் அவரையே அனுப்புங்கள்.

அவளை என்னவென்று குறிப்பிடுவது எனத் தடுமாறி, அக்காவை "அந்த மிஸ்" என்றே இரண்டு தரம் சொன்னேன்.

அவர் எழுந்தார். அலுமாரியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து மேசையில் விரித்தார். நீளவாட்டில் நான்காக மடித்தார். நுனியை உள்ளே சொருகினார். அம்மாவே வந்து மடித்தது போல் இருந்தது.

"வந்த முதல் நாள் அவள் இப்படித்தான் மடித்தாள்," என்றார் சிங்களத்தில். "இதை மறக்க வைக்க எனக்கு ரெண்டு கிழமை பிடித்தது. இன்றைக்கு உங்கள் அறையில் அதே மடிப்பு." கண்ணாடியைக் கழற்றினார். "மல்லி தானே?"

அவர்கள் பாஷையில் மல்லி என்றால் தம்பி. என் காது சூடாகிவிட்டது. ஆமென்று தலையை ஆட்டினேன். கெடுத்துவிட்டேன், இரண்டாம் தரமும் கெடுத்துவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

"இங்கிலீஷ் படிப்பிக்கிற தம்பி இருக்கிறான் என்று சேர்ந்த கிழமையே சொல்லிவிட்டாள். ஒவ்வொரு மாதமும் சொல்கிறாள். எங்களுக்கெல்லாம் மனப்பாடம்." அவர் சிரிக்கவில்லை, ஆனால் குரல் இளகியிருந்தது. "நடையில் நின்று கதைக்கக் கூடாது. அது சட்டம். நாளைக்குக் காலையில் அவளை அவள் வேலையைச் செய்ய விடுங்கள். நீங்கள் பையை எடுக்கப் போகும் நேரத்தில் அவள் அறையில் இருந்தால், அது எனக்குத் தெரியாது."

பிறகு கொப்பியை எடுத்து, காலையில் எழுதிய வரியைக் கோடு போட்டு வெட்டினார். நான் பார்க்கும்படியாகவே வெட்டினார்.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் கை போர்வையைத் தேடிப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன். படுக்கையை அப்படியே போட்டுவிட்டுக் கதவை மூடுவது, வீட்டில் அம்மா முன்னால் காலை நீட்டி உட்காருகிற மாதிரி இருந்தது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. அக்கா பழைய விரிப்புகளை உருவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊறுகா எங்கடா?"

எடுத்து நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு ஏப்ரன் பைக்குள் இறக்கினாள். "மிஸ்கிட்டப் போயி நின்னியாமே. யாரக் கேட்டுப் போன?"

"யாரையும் கேக்கல."

"நல்லவேள. கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

வெள்ளை விரிப்பை ஒரு உதறு உதறினாள். அது காற்றில் எழும்பி, கட்டிலின் நாலு பக்கமும் அளந்து வைத்தாற்போல விழுந்தது. நான் ஒரு மூலையைப் பிடிக்கப் போனேன். கையில் ஒரு தட்டு விழுந்தது.

"ஒக்காரு சேர்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். மூலையைத் தூக்கி, சாய்த்து, கீழே சொருகி, உள்ளங்கையால் ஒரே இழுப்பு. நாலு மூலையும் ஒரே மாதிரி. ஒரு சுருக்கம் இல்லை. பத்து நிமிடம் ஆகவில்லை. தலையணைகளைத் தட்டி நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள். நான் ஒரு பாடத்தை நன்றாக நடத்தி முடித்த நாளில் என் முகமும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த மாதம் முதல் கிழமை லீவில் அக்கா வீட்டுக்கு வந்தாள். நிரந்தரமாக்கிய கடிதத்தை அப்பா தடவித் தடவிப் பார்த்தார். அதை நான் மூன்று தரம் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அன்று அம்மாவின் கட்டிலை அக்கா ஹோட்டல் மாதிரி விரித்து வைத்தாள். அம்மா நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இப்பிடி இழுத்துக் கட்டி வச்சா நான் எந்தப் பக்கமாடி உள்ள போறது?"

மறுநாள் காலையில் எல்லோரும் எழுந்து படுக்கையை மடித்துவிட்டோம். அக்கா மட்டும் பாயில் சுருண்டு கிடந்தாள். நான் குனிந்து, "குட் மோர்னிங், மேடம். ரூம் கிளீன் பண்ணலாமா?" என்றேன்.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடியது.

"கார்டு தொங்குது பாரு. அப்புறமா வா."

"என்னா கார்டு? எங்க தொங்குது?" என்று அம்மா கதவுப் பக்கம் தேடினார். தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. படுக்கை மடிக்காமல் யாருக்கும் தேத்தண்ணி கிடையாது என்ற சட்டத்தை அம்மா அன்றைக்கு அக்காவுக்காக மீறினார். கோப்பையை அவள் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தது நான்தான்.