கதவுக்கு ஒரு கை

குதித்துப் பார்க்க வழியில்லாததால் லிஃப்ட்டக்கா வண்டியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறாள். இரட்டைக் குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டி. இருக்கைகளில் குழந்தைகளுக்குப் பதிலாக இரண்டு மணல் பைகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கின்றன, ஒன்று கொழுக்கென்று, இன்னொன்று வற்றலாக. கடைச் சிப்பந்தி இரண்டடி தள்ளி நின்று, தன் பல்லையே யாரோ ஆட்டிப் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, அது குழந்தை வண்டிக்கா. எதுக்கு இந்த ஆட்டு ஆட்டறீங்க?"

"எங்க வீட்டு ரெண்டும் இதவிட ஆட்டும். கழலறதுன்னா உங்க கடையிலயே கழலட்டும்."

எல்லாம் தொழில் படுத்தும் பாடு. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவள் வேலை. எந்தக் கட்டடத்து லிஃப்ட்டைச் சரிசெய்தாலும், ஆட்களை ஏறவிடும் முன் தான் உள்ளே போய் நடுவில் நிற்பாள். இரண்டு காலையும் சேர்த்துத் தொப்பென்று ஒரு குதி. எங்காவது முனகுகிறதா என்று கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு, வெளியே தலையை நீட்டி "ம், ஏறலாம்" என்பாள். அதனால் வந்த பெயர்தான் லிஃப்ட்டக்கா. வீட்டுக்குக் கட்டில் வாங்கப் போனபோதும் கடையிலேயே ஏறிக் குதித்தவள். "எங்க வீட்டுக்காரர மட்டும்தான் குதிச்சுப் பாக்காம எடுத்துட்டேன்" என்று அவர் காதில் விழும்படி சொல்லிச் சிரிப்பாள்.

ஊர் லிஃப்ட்டையெல்லாம் ஓடவைக்கிறவள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில். முன்பெல்லாம் யாராவது இதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். பூசணியும் குச்சியும் பிறந்த பிறகு அந்தச் சிரிப்பு பாதியாகிவிட்டது. பூசணி மூத்தவள். குச்சி அவளுக்குப் பின்னாலேயே வந்த தம்பி. வைத்த பெயர்கள் வேறு, ஆனால் அவற்றைக் கூப்பிட்டால் இரண்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர், பொழுது விடியும் முன்பே கிளம்பிவிடுகிறவர். மாமியாருக்கு முட்டிவலி, மாடிப்படி என்றாலே கும்பிடு போடுவார். குழந்தைகள் காப்பகம் இரண்டு தெரு தாண்டி. ஆக, காலையில் இரண்டையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்ச் சேர்ப்பது அவள் ஒருத்தியின் பொறுப்பு. மேற்பார்வையாளர் ஃபோனில் பட்டென்று சொல்லிவிட்டார்.

"இதோ பாரும்மா, திங்கக்கிழம காலையில நீ வரலன்னா உன் ஏரியாவ வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். மத்தியானத்துக்கு மேல ஆபீஸ்ல ஃபோன் எடுக்கற வேல ஒண்ணு இருக்கு. அது வேணா பாக்கறியா?"

"ஃபோன் எடுக்கறதுக்கா சார் இத்தன வருஷம் கிரீஸ்ல குளிச்சேன்? வந்துடறேன், போங்க."

சொல்லிவிட்டாள். இனி வந்தாக வேண்டும்.

மாடிப்படிகூட அவளுக்குப் பெரிதில்லை. கட்டடத்து வாசலில் இருக்கும் இரும்புக் கதவுதான் வில்லன். ஸ்பிரிங் வைத்த கதவு. கையை எடுத்தால் வெடுக்கென்று திரும்பி வந்து முதுகில் அறையும். இரண்டு இடுப்பிலும் இரண்டு குழந்தைகளோடு அவள் இறங்கி வரும்போதெல்லாம் கீழ்வீட்டுத் தையற்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. "அண்ணே, கதவு!" அவரும் வாயில் குண்டூசியைக் கவ்வியபடி, அளவெடுத்துக்கொண்டிருக்கும் ஆளைக் கையைத் தூக்கிய நிலையிலேயே நிற்கவைத்துவிட்டு ஓடி வருவார். ஒரு வருடமாக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"ஒரு தடவயாவது சலிச்சுக்கிட்டார்னா நானும் சண்ட போட்டுட்டு நிம்மதியா இருப்பேன்" என்பாள் மாமியாரிடம். "அவருக்குச் சலிக்கல அத்த. கேக்கற எனக்குத்தான் சலிக்குது."

"அவரு பிடிக்கறாரு, உனக்கு என்னடி வந்துச்சு? தெனம் கூப்பிடேன்."

"எப்பவாச்சும் கூப்பிட்டா உதவி. தெனம் கூப்பிட்டா அது அவருக்கு வேல."

வண்டி வாங்க இது இரண்டாவது படையெடுப்பு. முதல்முறை வாங்கியதில் அவள் புத்தியே அவளைக் கவிழ்த்துவிட்டது. லிஃப்ட்டுக்கு மொத்தப் பாரம்தான் கணக்கு. அந்தப் பழக்கத்தில் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து நிறுத்து, அதைச் சரிபாதியாக இரண்டு மணல் பைகளில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனாள். வண்டி நூல் பிடித்தாற்போல் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து நிஜப் பிள்ளைகளை உட்காரவைத்ததும் பூசணி பக்கமாக இழுக்கத் தொடங்கியது. தெருவில் ஒரு சுவர் விடாமல் முத்தம் கொடுத்துக்கொண்டே போய், கடைசியில் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. "என் பஸ் இப்படி இழுத்தா டிப்போவுக்கே திருப்பிடுவேன்" என்றார் கணவர். அவளும் திருப்பிவிட்டாள். கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டு, வேறு வண்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அதனால்தான் இன்று தனித்தனியாக நிறுத்த பைகள், பூசணிக்கு ஒன்று, குச்சிக்கு ஒன்று. போதாததற்கு ஒரு துடைப்பக் கம்பு. வாசல் கதவின் அகலத்துக்கு அளந்து வெட்டியது. கையில் கம்பும் தோளில் மணலுமாக வந்தவளைக் கடை வாசலில் காவலாளி நிறுத்திவிட்டார். "குழந்தைங்க" என்று பையைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

சிப்பந்தி முதலில் காட்டுவது பெரிய சக்கரம், மழைத்திரை, குவளை வைக்கும் வளையம் எல்லாம் உள்ள ஒரு வண்டி.

"இதுல காப்பி வெச்சுக்கலாம்க்கா."

"குடிக்க எனக்கு ஏதுப்பா நேரம்?"

மடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கடையின் மேல்தளத்துப் பொம்மைப் பிரிவுவரை படியேறிப் போய்த் திரும்புகிறாள். இறக்கி வைக்கும்போது மூச்சு வாங்குகிறது. "நாலு மாடின்னா எனக்கே ஒரு லிஃப்ட் வேணும். அடுத்தது."

அடுத்தது, ஒருவர் பின் ஒருவராக உட்காரும் வண்டி. கம்பைக் குறுக்கே பிடித்தால் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் கடைக்கு வெளியே கொண்டுபோய் நடைபாதை விளிம்பில் ஏற்றிப் பார்த்தால் இரண்டு கையாலும் முக்கித் தூக்க வேண்டியிருக்கிறது. "ரெண்டு கையையும் இதுக்கே குடுத்துட்டா கதவ யாரு பிடிப்பா? எனக்கு ஒரு கை மிச்சம் வேணும்."

"அப்ப இது பாருங்க. ஒரே கையில திறக்கலாம்" என்று மூன்றாவதைத் திறந்து காட்டுகிறார் சிப்பந்தி. ஒரு கை திறக்கிறது. இன்னொரு கை மெல்ல வந்து தாழ்ப்பாளை அழுத்துகிறது. முழங்காலும் ஒத்தாசைக்கு வருகிறது.

அவள் பெரிய பையை எடுத்து அவர் இடுப்பில் சாத்துகிறாள். சின்னதை அவர் மார்போடு அணைத்துக் கொடுக்கிறாள். "இப்ப திறங்க."

அவர் குனிகிறார், கோணுகிறார், தாடையால் ஏதோ முயற்சி செய்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். பெரிய பை நழுவித் தொப்பென்று தரையில் விழுகிறது.

"பூசணி போச்சு" என்கிறாள் லிஃப்ட்டக்கா, பையை எடுத்துத் தட்டியபடி. இதற்கு அவரும் சிரித்துவிடுகிறார். அதன்பிறகு அவர் அவளுக்கு எதையும் விற்கப் பார்க்கவில்லை, அவளோடு சேர்ந்து தேடத் தொடங்குகிறார்.

மூலையில் கிடந்த ஒன்றை அவர்தான் இழுத்து வருகிறார். பழைய மாடல். அழுக்கா நிறமா என்று சொல்ல முடியாத ஒரு மஞ்சள். குவளை வளையம் கிடையாது. பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். தள்ளுவதற்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒரே கம்பி. தோளில் மாட்டினால் பள்ளிக்கூடப் பைபோல இருக்கிறது. இரண்டு பைகளையும் இடுக்கிக்கொண்டு, கால் கட்டைவிரலால் கொக்கியைத் தட்டி, கம்பியை ஒரு விரலில் மாட்டி உதறுகிறாள். பாதி திறந்து நிற்கிறது. இன்னோர் உதறு. படக். துடைப்பக் கம்பு இரண்டு பக்கமும் ஒரு விரல் அளவு மிச்சம் காட்டுகிறது. பைகளை உட்காரவைத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் மட்டும் அலமாரிகளுக்கு நடுவே ஒரு சுற்று வருகிறாள். முன்சக்கரங்களைத் திரும்பாமல் பூட்டிக்கொள்ளவும் வசதி இருக்கிறது. பூசணி பக்கம் இழுக்கவில்லை.

"நிறம் மட்டும்தான்க்கா கொஞ்சம்…"

"என் பிள்ளைங்க கை பட்டா எல்லாமே இந்த நிறம்தான்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மணல் பைகளோடு மாடிப்படியில் ஒத்திகை. மாமியார் நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்.

"தள்ளுவண்டி வாங்கிட்ட. என்ன விக்கப் போற?"

"உங்க பேரப் பிள்ளைங்களத்தான். நல்ல ஆளா வந்தா சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை. நெஞ்சில் துணித்தொட்டில் கட்டிக் குச்சி, இடுப்பில் பூசணி, தோளில் வண்டி. மணல் பைகள் செய்யாத ஒன்றைப் பூசணி செய்கிறாள். இரண்டாவது மாடி வளைவில் தன் செருப்பைக் கழற்றிக் கைப்பிடிக்கு மேலாக எறிகிறாள். அது தட்டுத் தட்டென்று கீழே போய்ச் சேர்கிறது. "சரி, அது நமக்கு முன்னாடி போகட்டும்" என்று லிஃப்ட்டக்கா இறங்கிக்கொண்டே இருக்கிறாள்.

வாசலில் கொக்கியைக் காலால் தட்டி உதறுகிறாள். திறக்கவில்லை. குச்சி அவள் காதைப் பிடித்து இழுக்கிறான். மறுபடி உதறுகிறாள். பாதியில் நிற்கிறது. மேலேயிருந்து மாமியாரின் குரல் படிப்படியாக இறங்கி வருகிறது.

"என்னடி ஆச்சு? தையக்காரரக் கூப்பிடட்டா?"

"கூப்பிட்டீங்க, நான் திரும்பி மேல வந்துடுவேன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னோர் உதறு. படக். இரண்டையும் உட்காரவைத்துப் பெல்ட் போடுகிறாள். செருப்பை எடுத்து மாட்டிவிடுகிறாள். இடது கையால் இரும்புக் கதவை வெளிப்பக்கம் தள்ளிப் பிடிக்கிறாள். வலது கையால் வண்டி. வாசற்படியில் சக்கரம் ஒரு கணம் தயங்கி, ஏறி, இறங்குகிறது. இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல். தெரு வந்துவிட்டது.

கதவை விட வேண்டியதுதான் பாக்கி. அப்போது தெருமுனையிலிருந்து தையற்காரர் வருகிறார். இரண்டு கையிலும் துணிக்கட்டு, அதன்மேல் முகவாய். அவளை வாசலில் பார்த்ததும் பழக்கம் அவரை உந்துகிறது. "இரும்மா, இரும்மா, வந்துட்டேன்!" என்று ஓட்டமும் நடையுமாக வந்து, கட்டுகளை எங்கே இறக்கிவைப்பது என்று அக்கம்பக்கம் தேடுகிறார்.

"கீழ வெக்காதீங்கண்ணே. அப்படியே உள்ள போங்க."

வண்டிக் கம்பியிலிருந்து வலது கையை எடுக்காமல், இடது கையால் கதவை இன்னும் ஒரு சாண் அகலத் திறந்து, அவர் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறாள் லிஃப்ட்டக்கா.