மா டீச்சர் வீட்டுச் சாப்பாடு

மா யோங்ரான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தென்கொரியாவின் சுன்சோனில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர்கள் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வீட்டிலிருந்து போன் வரவில்லை, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இப்போது உள்ளூர்ப் பிள்ளைகள் குறைந்துபோய், வியட்நாமும் உஸ்பெகிஸ்தானும் மங்கோலியாவும்தான் வகுப்புகளை நிரப்புகின்றன. அவர்களில் முக்கால்வாசிப் பேரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அவர்களுக்கு மட்டும் அவள் பெயர் தெரியும். மா டீச்சர்.

அவள் எந்தத் துறையிலும் பாடம் எடுப்பதில்லை. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியர். வசந்தத்தில் உலக உணவு விழா, இலையுதிர்காலத்தில் கொரியப் பாரம்பரிய உடையான ஹான்போக் உடுத்தும் நாள், நவம்பரில் கோஸை மிளகாய் விழுதில் ஊறப்போடும் கிம்ச்சி நாள். தலைமைக்கு வருகிறவர்கள் இரண்டொரு வருஷத்தில் வேறு துறைக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொருவரும் வந்த புதிதில் "பல்பண்பாடு", "ஒரே குடும்பம்" என்று புதிய பதாகை அடிப்பார்கள். பதாகையைக் கட்டுவதும் பிறகு அவிழ்ப்பதும் யோங்ரான்தான். திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு இருந்தாள். அம்மா போன பிறகு, மலைச்சரிவில் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். இந்த டிசம்பரோடு ஓய்வு.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. போவதற்கு முன்னால் ஒரு தடவை இந்தப் பிள்ளைகள் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இது திடீரென்று முளைத்த ஆசை அல்ல. வீட்டில் கிம்ச்சி போடும் நாள் என்றால், முதுகு ஒடிய வேலை செய்தவர்கள் முடிவில் அங்கேயே வட்டமாக உட்கார்ந்து, வேகவைத்த பன்றி இறைச்சியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டித் தின்பார்கள். அது இல்லாவிட்டால் அந்த நாள் வெறும் கூலி வேலை. பல்கலைக்கழகத்தின் கிம்ச்சி நாளில் அந்தப் பகுதியை எப்போதோ எடுத்துவிட்டார்கள். சிலர் பன்றி சாப்பிட மாட்டார்கள், அரங்கைக் கழுவ ஆள் இல்லை, பட்ஜெட் இல்லை. ஒவ்வொரு காரணமும் நியாயமானதுதான். எல்லாம் சேர்ந்து, சாப்பாடு இல்லாத ஒரு விருந்தை உண்டாக்கிவிட்டன.

இந்த வருஷமும் அப்படித்தான் தொடங்கியது. குழுத் தலைவர் தோ ஹியோன்சிக் அவளைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஓடிவந்தார்.

"மா டீச்சர், டீன் பத்து நிமிஷந்தான் இருப்பாராம். மொதல்ல போட்டோ. கோஸெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

ஏப்ரனும் சிவப்புக் கையுறையும் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பதாகைக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். புகைப்படக்காரர் கையை உயர்த்தினார். "எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, கிம்ச்சி!"

"எந்தக் கிம்ச்சிண்ணே? இன்னும் போடவே இல்லையே!" பின்வரிசையிலிருந்து ஓர் உஸ்பெக் பையன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள், படம் நன்றாக விழுந்தது. டீன் ஒரு கோஸ் இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிள்ளைகள் மிளகாய் விழுதை இலை இலையாகத் தடவிக்கொண்டிருந்தபோது யோங்ரான் மேசை மேசையாகப் போனாள். போன மாதமே மனசுக்குள் சொல்லிப் பார்த்துவைத்த வாக்கியம் வாயில் வரும்போது வேறு மாதிரி வந்தது.

"ஞாயித்துக்கிழம நம்ம வீட்ல ஒரு வாய் சாப்பிடலாம். நேரம் இருந்தா வாங்க. சிரமப்பட்டெல்லாம் வர வேண்டாம்."

"ஐயோ, கண்டிப்பா வர்றோம் டீச்சர்!" என்றார்கள். குனிந்து வணங்கினார்கள். ஒரு மேசையில்கூட யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை இரண்டு மடக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டாள். பன்றி இறைச்சி ஒரு பானையில் வெந்தது. பன்றி சாப்பிடாதவர்களுக்கு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஹலால் கடையில் வாங்கிய மாட்டிறைச்சி இன்னொரு பானையில். இரண்டுக்கும் தனித்தனிக் கத்தி, தனித்தனிப் பலகை. கடலோர யோசுவிலிருந்து வந்த சிப்பிகளை உப்பு நீரில் அலசிவைத்தாள். குளிருக்கு, தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயைத் திறந்து தரையைச் சூடாக்கிவிட்டாள்.

மத்தியானம் ஆயிற்று. சாப்பாட்டு வேளை தாண்டிற்று.

அழைப்பு மணி கெட்டுப்போயிருக்குமோ என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, கட்டட வாசலில் தன் வீட்டு எண்ணைத் தானே அழுத்தினாள். மேலே அவள் வீட்டுக்குள் மணி அடிக்கும் ஓசை அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. எடுக்க ஆள் இல்லாமல் அடித்து ஓய்ந்தது. பழைய பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த காவலாளி பார்த்தார்.

"சாவிய உள்ளயே வச்சுட்டீங்களாம்மா?"

"இல்ல, இல்ல. சும்மாதான்."

மறுநாள் அலுவலகத்தில் கிம்ச்சி டப்பாக்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு காகிதத்தில் முத்திரை வாங்க நோமின் வந்தாள். அழகுக்கலைத் துறையில் படிக்கும் மங்கோலியப் பெண். வாயைத் திறந்தால் உள்ளூர்ப் பெண் போலவே பேசுவாள். யோங்ரான் முத்திரை குத்திக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்திருந்ததைக் கேட்டாள்.

"நேத்து ரொம்ப வேலையா?"

"இல்லையே டீச்சர். ரூம்லதான் கெடந்தேன். நூடுல்ஸ் போட்டுச் சாப்ட்டோம்."

யோங்ரான் தலையாட்டினாள். முத்திரையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். நோமின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"டீச்சர்... நெசமாவா கூப்ட்டீங்க?"

"பரவால்ல விடு."

"ஐயய்யோ. அந்த வியட்நாம்காரி தியெம் பழமெல்லாம் வாங்கி வச்சிருந்தா. நாங்கதான் போகாதன்னு சொல்லிட்டோம். 'இவ்ளோ நாளாச்சு, இன்னும் கொரியா புரியலயாடி ஒனக்கு'ன்னு கேலி பண்ணினோம்."

"ஏன்?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? மொத வாரம், அந்தப் பெரிய ஹால்ல?"

யோங்ரானுக்கு அப்போதுதான் உறைத்தது. புதிதாக வரும் மாணவர்களுக்கு ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அவள் ஒரு வகுப்பு எடுப்பாள். அதை மட்டும் அவளிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. அதில் அவள் சொல்வது இதுதான். கொரியாக்காரர்கள் ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம் என்றால் அது வணக்கம் சொல்வது மாதிரி, காத்திருக்காதீர்கள். மணியைச் சொல்லாவிட்டால் அழைப்பு இல்லை. 'நேரம் இருந்தால்', 'சிரமம் இல்லாவிட்டால்' என்று சேர்த்துச் சொன்னால் நிச்சயமாக இல்லை. சிரித்த முகத்தோடு 'கண்டிப்பாக' என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பதே மரியாதை.

அவள் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முன்பு ஒரு மாணவன், பேராசிரியர் போகிற போக்கில் சொன்ன "ஒருநாள் சாப்பிடலாம்" என்பதை நம்பி, தினமும் சாப்பாட்டு வேளையில் அவர் அறை வாசலில் போய் நின்றான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்தப் பாடத்தை எழுதினாள். இனி ஒருவரும் அப்படி நிற்கக் கூடாது என்று நினைத்தாள். அந்த நினைப்பு பலித்தது. ஒருவரும் எந்த வாசலிலும் போய் நிற்கவில்லை. நல்ல எண்ணத்தில் கட்டுகிற சுவரும் சுவர்தான் என்பதை ஒரு மனிதர் தெரிந்துகொள்ள எத்தனை பருவங்கள் ஆகின்றன.

"எங்க ஊர்ல இந்தப் பாடெல்லாம் கெடையாது டீச்சர்," என்றாள் நோமின். சங்கடத்தை மறைக்க வேகவேகமாகப் பேசினாள். "யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க. கூடாரத்துக்கு வெளிய நின்னு 'நாயப் பிடிங்க'ன்னு கத்துவோம். அவ்ளோதான். உள்ள போனா டீ வந்துரும்."

"எல்லார் வீட்லயுமா நாய் இருக்கு?"

"இல்லாட்டியும் அப்படித்தான் கத்துவோம்."

யோங்ரான் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் ஒரு வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது. நேரம் இருந்தால் என்றுதான் அதுவும் தொடங்கியது. அவள் அதை விழுங்கினாள். இந்த வயதில் அது எளிதாக இல்லை. பிச்சை கேட்பது போலக் காது மடல் சூடேறியது.

"வர்ற ஞாயிறு. பன்னெண்டு மணிக்கு. வா. நீ வரலேன்னா நான் தனியாத்தான் சாப்பிடணும்."

நோமின் உடனே தலையாட்டிவிடவில்லை. அதுவே யோங்ரானுக்குப் புதிதாக இருந்தது.

"சனிக்கிழம ராத்திரி பூரா பார்சல் குடோன்ல வேல டீச்சர். விடிஞ்சாத்தான் விடுவாங்க. ஒழுங்காப் பேசக்கூட முடியாது என்னால. ஆனா வர்றேன்."

"மத்தவங்க?"

"கேட்டுப் பாக்குறேன். எல்லாரும் அங்கதான் டீச்சர் இருக்கோம். வேற எங்க?"

வெளிநாட்டு மாணவர்களின் கூடிவாழ்தலுக்காக அவள் இத்தனை காலம் நடத்திய நிகழ்ச்சிகளில் ஒன்றும், அந்தக் குடோனைப் போல அவர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கவில்லை என்று யோங்ரானுக்குத் தோன்றியது.

ஞாயிறன்று நோமின் வந்தாள். தனியாகத்தான். கையில் ஒரு பை மாண்டரின் ஆரஞ்சு, கண்ணுக்குக் கீழே கருவளையம். தியெமுக்குக் கைச்சுளுக்கு, மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்றாள். யோங்ரான் அன்று காலையில்தான் பிசைந்த கிம்ச்சியை எடுத்துவைத்தாள். நோமின் பசியோடு, பேச்சில்லாமல் சாப்பிட்டாள். இறைச்சியைக் கிம்ச்சி இலையில் பெரிதாகச் சுருட்டி இரண்டு கன்னமும் புடைக்கத் திணித்துக்கொண்டாள்.

"மெதுவாத் தின்னு. ஒன் பங்க யாரும் பிடுங்க மாட்டாங்க."

"காரம் பத்தல டீச்சர்," என்றாள் நோமின், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

"வந்துட்டா பெரிய கொரியாக்காரி."

யோங்ரானிடம் சொல்ல நிறைய இருந்தது. முதன்முதலில் வந்த பிள்ளைகளைப் பற்றி, அந்த ஒற்றை மேசையைப் பற்றி, அம்மாவைப் பற்றி. எங்கே தொடங்குவது என்று பார்த்து, முடிவிலிருந்தே தொடங்கினாள்.

"இந்த டிசம்பரோட நான்..."

நோமினின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சூடான தரை அவளை இழுத்துக்கொண்டிருந்தது. "சொல்லுங்க டீச்சர், கேக்குறேன்," என்று முனகினாள். அப்படியே சரிந்து, முழங்கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனாள்.

யோங்ரான் வாக்கியத்தை முடிக்கவில்லை. மெத்தைப் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். பாத்திரம் கழுவப் போனவள், தண்ணீர்ச் சத்தம் கேட்குமே என்று திரும்பி வந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே மலைக்கு மேல் வெயில் வெளிறிக் கிடந்தது. வீட்டில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அதை ஒரு பேச்சு என்று சொல்ல முடியாது. பேச்சு இல்லை என்றும் சொல்லத் தோன்றவில்லை.

தட்டில் இறைச்சியின் கொழுப்பு வெள்ளையாக உறைய ஆரம்பித்திருந்தது. யோங்ரான் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தனக்கென்று ஒரு துண்டை எடுத்து இலையில் சுருட்டினாள். புதுக் கிம்ச்சி கடிபடும் சத்தத்தில் அந்தப் பெண் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று, வாயை இறுக மூடிக்கொண்டு மெதுவாக மென்றாள்.